உலோக ஆக்சைடு வினையூக்கிகளைச் சுடும்போது என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினையூக்கி தயாரிக்கும் ஆய்வகங்களில் வீழ்படிவாக்கல், கழுவுதல், பிஹெச் பார்த்தல் எல்லாம் ரொம்பக் கவனமாக நடக்கும். அதன்பிறகு சாம்பிளை மஃபிள் ஃபர்னஸில் வைத்து, கதவை மூடி, வீட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பொடியில் பெரிய மாற்றங்கள் நடப்பதே கதவு மூடிய பிறகுதான். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் இந்தக் கட்டத்தைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் வேதியியல் தெரிந்த யாருக்கும் புரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன்.

கால்சினேஷன் (உலையில் சுடுவது) என்றால் வெறுமனே காய வைப்பதுதானே?

இல்லை. காய வைப்பது 100 அல்லது 120 டிகிரி செல்சியஸோடு முடிந்துவிடும். அதில் போவது ஒட்டியிருக்கும் தண்ணீர் மட்டும். கால்சினேஷனில் பொருளே மாறுகிறது. ஹைட்ராக்சைடு, கார்பனேட், நைட்ரேட், ஆக்சலேட் என்று எந்த முன்பொருளில் தொடங்கினாலும், அதிலிருந்து நீராவியோ கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஜன் ஆக்சைடுகளோ வெளியேறி, கடைசியில் ஆக்சைடு மிஞ்சுகிறது. வாயு வெளியேறிய இடங்கள் நுண்துளைகளாக நிற்கின்றன. ஒரு துண்டு ஹைட்ராக்சைடைச் சுட்டால் வெளி வடிவம் பெரிதாக மாறாமலே உள்ளே ஆயிரக்கணக்கான சிறு படிகங்களாக உடைந்திருப்பதைப் பார்க்கலாம். வினையூக்கிக்கு வேண்டிய மேற்பரப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

சூட்டை மேலும் ஏற்றினால் கதை திரும்புகிறது. அந்தச் சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும், நுண்துளைகள் மூடிக்கொள்ளும், படிக அமைப்பே வேறாக மாறும். ஆக, ஒரே உலை ஒரு கட்டம் வரை மேற்பரப்பை உண்டாக்குகிறது. அதைத் தாண்டினால் அதையே அழிக்கிறது. எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையின் உயிர்.

எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் 500 டிகிரி, 4 மணி நேரம் என்று இருக்கிறது. நானும் அப்படியே போடலாமா?

போடலாம். ஆனால் ஏன் 500 என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இந்த எண் பழக்கத்தால் வந்தது. பல பொருள்களுக்குத் தற்செயலாகப் பொருந்தும், சிலவற்றுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. காப்பர், கோபால்ட், நிக்கல் நைட்ரேட்டுகள் ஏறத்தாழ 250 முதல் 350 டிகிரிக்குள் சிதைந்துவிடும்; அவற்றை 500 வரை கொண்டுபோவது வீண் சூடு. பொட்டாசியம் நைட்ரேட்டோ 334 டிகிரியில் உருகி, 500-லும் முழுதாகச் சிதையாமல் கிடக்கும். அதை நம்பிக் கார வினையூக்கி செய்தால், ஆக்சைடு என்று நினைத்து நைட்ரேட்டையே சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

நல்ல வழி இதுதான். முதலில் காய்ந்த முன்பொருளுக்கு டிஜிஏ (சூடேற்றிக்கொண்டே எடை மாற்றத்தை அளக்கும் சோதனை) எடுங்கள். எடை இழப்பு எந்த வெப்பநிலையில் நின்றுவிடுகிறதோ அது உங்கள் கீழ் எல்லை. வினை நடக்கப்போகும் வெப்பநிலையையும் பாருங்கள். 400 டிகிரியில் ஓடப்போகும் வினையூக்கியை 350-ல் சுட்டால், வினை நடக்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும். முதல் நாள் கிடைத்த எண் இரண்டாம் நாள் கிடைக்காது. அதனால் வினை வெப்பநிலையைவிடக் குறைந்தது 50 டிகிரியாவது மேலே சுடுவது நல்லது. மேல் எல்லையைச் சின்டரிங்கும் (சூட்டில் துகள்கள் ஒட்டிப் பெருப்பது) படிக மாற்றமும் முடிவு செய்யும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே மூன்று நான்கு வெப்பநிலைகளில் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அது உங்கள் சொந்த எண்.

சூடு ஏறினால் மேற்பரப்பளவு ஏன் குறைகிறது?

சிறு துகள் என்றால் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். மேற்பரப்பில் இருக்கும் அணுக்களுக்குப் பிணைப்பு குறைவு, ஆற்றல் அதிகம். நகர வழி கிடைத்தால் அவை அந்த ஆற்றலைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். சூடு அந்த வழியைத் தருகிறது. இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் முதலில் ஒரு கழுத்து உருவாகும், அது தடிக்கும், கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும். செங்கல் சூளையில் களிமண் கெட்டிப்படுவதிலும் இந்த ஒட்டுதலுக்குப் பங்கு உண்டு. செங்கல்லுக்கு வரமாக இருப்பது வினையூக்கிக்குக் கேடு.

அளவு எவ்வளவு என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். துகள்களைக் கோளங்களாக எடுத்துக்கொண்டால், 6000-ஐ அடர்த்தியாலும் நானோமீட்டரில் விட்டத்தாலும் வகுத்தால் ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். சீரியாவின் (சீரியம் ஆக்சைடு) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம். துகள் 5 நானோமீட்டராக இருந்தால் ஏறக்குறைய 167 சதுர மீட்டர், 10 என்றால் 83, 50 என்றால் வெறும் 17. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) கிடைக்கும் படிக அளவை இந்தக் கணக்கில் போட்டு, பிஇடியில் (நைட்ரஜன் வாயுவைப் படிய வைத்து மேற்பரப்பளவை அளக்கும் சோதனை) வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிஇடி எண் ரொம்பக் குறைவாக இருந்தால், படிகங்கள் நெருக்கமாக ஒட்டி நைட்ரஜன்கூட நுழைய முடியாமல் இருக்கின்றன என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவே இல்லை, நிறையச் சொல்லும்.

எந்த ஆக்சைடு சீக்கிரம் ஒட்டும் என்று முன்கூட்டியே ஊகிக்க டாம்மன் வெப்பநிலை என்று ஒன்று உண்டு. உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால் அது கிடைக்கும்; ஏறத்தாழ அந்த வெப்பத்தில் திண்மத்தின் உள்ளே இருக்கும் அணுக்களும் நகரத் தொடங்குகின்றன. வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரியில் உருகும். அதன் டாம்மன் வெப்பநிலை 210 டிகிரிக்கும் சற்றுக் கீழே. மாலிப்டினம் ட்ரை ஆக்சைடுக்கு 260 பக்கம். டைட்டானியாவுக்கு (டைட்டானியம் டை ஆக்சைடு) 785, அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு) 900. முன்னவை இரண்டும் பெரும்பாலும் வினையை நடத்தும் செயலுறு பொருளாகவும், பின்னவை இரண்டும் அதைச் சுமக்கும் தாங்கியாகவும் பயன்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோராயமான விதிதான். நீராவி, சோடியம், குளோரைடு ஏதாவது உள்ளே இருந்தால் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஒட்டத் தொடங்கிவிடும். வீழ்படிவை ஒழுங்காகக் கழுவச் சொல்வது இதற்காகவும்தான்.

நேரமா, வெப்பநிலையா, எது முக்கியம்?

வெப்பநிலை. அணு நகரும் வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. நேரத்தைப் பொறுத்தவரை, முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பளவு வேகமாக விழுந்து, அப்புறம் மெதுவாகத்தான் குறையும். 4 மணியை 5 மணியாக்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 500-ஐ 600 ஆக்கினால் பொருளே வேறாகலாம்.

அலுமினாவை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். வெப்பத்தின் கதையை அலுமினா அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வேறு ஆக்சைடு இல்லை.

போமைட் என்னும் அலுமினியம் ஆக்சி ஹைட்ராக்சைடில் தொடங்கலாம். 450, 500 டிகிரி வாக்கில் தண்ணீரை விட்டு அது காமா அலுமினாவாகிறது. ஒரு கிராமுக்கு 150 முதல் 300 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கந்தகம் நீக்கும் வினையூக்கிகளிலிருந்து வாகனப் புகைக்குழாய் வரைக்கும் எங்கும் இருப்பது இதுதான். 800-ஐத் தாண்டினால் டெல்டா, 1000 பக்கம் தீட்டா. இந்த மாற்றங்களில் ஆக்சிஜன் அணுக்களின் அடுக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அலுமினிய அயனிகள் மட்டும் இடம் மாறுகின்றன. அதனால் மேற்பரப்பு படிப்படியாகத்தான் குறையும்.

1100 டிகிரியைத் தாண்டியதும் ஆல்ஃபா அலுமினா வருகிறது. இது வேறு வகை மாற்றம். இதுவரை கனசதுர முறையில் அடுக்கியிருந்த ஆக்சிஜன்கள் அறுகோண முறைக்கு மாற வேண்டும். ஓரிடத்தில் ஆல்ஃபா கரு தோன்றினால் அது சுற்றியிருப்பதை விழுங்கி வளரும். மேற்பரப்பளவு ஒரேயடியாகச் சரிந்து பெரும்பாலும் 5 சதுர மீட்டருக்குக் கீழே போய்விடும். எவ்வளவு குளிர வைத்தாலும் காமா திரும்ப வராது.

பெட்ரோல் காரின் புகையைச் சுத்தம் செய்யும் மூவழி வினையூக்கியில் சூடு சில வேளைகளில் 1000 டிகிரியைத் தொடும். வெறும் காமா அலுமினா அங்கே பிழைக்காது. லாந்தனம் அல்லது பேரியத்தைச் சில சதவீதம் சேர்த்தால், அது மேற்பரப்பில் தங்கி ஆல்ஃபா கரு உருவாவதைத் தள்ளிப்போடுகிறது. கூடவே இருக்கும் சீரியாவுக்கும் இதே கதி. தனிச் சீரியா 800 டிகிரிக்கு மேல் மேற்பரப்பை இழந்துவிடும், அதோடு ஆக்சிஜனைச் சேமித்துத் திருப்பித் தரும் திறனும் போகும். சிர்கோனியாவோடு (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்து திண்மக் கரைசலாக்கினால் தாக்குப்பிடிக்கிறது. நாம் தினமும் சாலையில் சுவாசிக்கும் காற்றின் தரம் ஒரு பங்கு இந்தச் சின்னச் சேர்க்கைகளை நம்பியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

டைட்டானியாவில் அனட்டேஸ், ரூட்டைல் என்று இரண்டு படிக வடிவங்கள் என்கிறார்களே, எதைக் குறிவைப்பது?

ஒளி வினையூக்கத்துக்கு என்றால் அனட்டேஸ், அல்லது அனட்டேஸ் மிகுந்த கலவை. கடையில் கிடைக்கும் பி25 பொடியில் அனட்டேஸ் ஏறத்தாழ 80 சதவீதம், மீதியில் பெரும்பகுதி ரூட்டைல். மேற்பரப்பு கிராமுக்கு 50 சதுர மீட்டர் சுமார். பட்டை இடைவெளி (ஒளி ஒரு எலக்ட்ரானை எழுப்பத் தேவையான ஆற்றல்) அனட்டேஸுக்கு 3.2, ரூட்டைலுக்கு 3.0 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி குறைவு என்பதால் ரூட்டைல் சற்று அதிக ஒளியை உறிஞ்சும். ஆனாலும் பல வினைகளில் அனட்டேஸ் முந்துகிறது. ஒளி உறிஞ்சுவது மட்டும் போதாது, எழும்பிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் மேற்பரப்பை எட்ட வேண்டும்.

சாதாரணமாக 600 முதல் 700 டிகிரி வாக்கில் அனட்டேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும், குளிர்ந்தால் திரும்பாது. ஆனால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துகள் அளவு, அசுத்தம், கலப்பு எல்லாம் அதை நகர்த்தும். அனல் மின் நிலையப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவால் நீக்கும் வினையூக்கி அனட்டேஸ் மேல் வனேடியம் வைத்தது. 300 முதல் 400 டிகிரியில் வேலை செய்கிறது. வனேடியம் கூடினால் டைட்டானியா சீக்கிரமே ரூட்டைலாகிவிடும், மேற்பரப்பும் சரியும். கூடவே சேர்க்கும் டங்ஸ்டன் ஆக்சைடு அந்த மாற்றத்தைத் தடுத்து வைக்கிறது.

எக்ஸ்ஆர்டியில் காப்பர் கதிரில் 25.3 டிகிரி அனட்டேஸ், 27.4 டிகிரி ரூட்டைல். இரண்டாவது சிகரம் எந்தச் சூட்டில் தலைகாட்டுகிறது என்று உங்கள் சாம்பிளிலேயே பாருங்கள்.

மேற்பரப்பளவு அதிகமாக இருந்தால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. எத்திலீனை எத்திலீன் ஆக்சைடாக மாற்றும் ஆலைகளில் வெள்ளியை ஆல்ஃபா அலுமினா மேல்தான் வைக்கிறார்கள். காமா அலுமினாவின் நுண்துளைகளில் மாட்டினால் உண்டான எத்திலீன் ஆக்சைடு வெளியே வருவதற்குள் கார்பன் டை ஆக்சைடாக எரிந்துவிடும். மேற்பரப்பின் அமில இடங்களும் அதைக் கெடுக்கும். நன்றாகச் சுட்டு மேற்பரப்பைக் கொன்ற தாங்கியே அங்கே தேவை.

மீத்தேனை நீராவியோடு வினைப்படுத்தி ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையிலும் இப்படித்தான். சூடு 800 டிகிரிக்கு மேல், நீராவி வேறு. நிக்கலைக் காமா அலுமினா மேல் வைத்து அதிகமாகச் சுட்டால் நிக்கல் அலுமினேட் ஸ்பைனல் (ஒரு வகை ஆக்சைடுப் படிக அமைப்பு) உருவாகிவிடும். நிக்கல் ஆக்சைடு 300, 400 டிகிரியிலேயே ஹைட்ரஜனில் ஒடுங்கும் (ஆக்சிஜனை இழந்து உலோகமாகும்). ஸ்பைனலில் சிக்கிய நிக்கலுக்கு 750, 800 வேண்டும். நிக்கல் சாம்பிளில் இருக்கும், வேலைக்கு வராது. ஆகவே ஏற்கெனவே சுட்டு நிலைபெற்ற ஆல்ஃபா அலுமினாவையோ மெக்னீசியம் அலுமினேட்டையோ தாங்கியாக எடுக்கிறார்கள்.

படிகமாக மாறினால் வினையூக்கி நன்றாக வேலை செய்யும் என்று படித்தேன். உண்மையா?

எக்ஸ்ஆர்டியில் கூர்மையான சிகரங்கள் வந்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். வினைக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. ஹாப்கலைட்டைப் பாருங்கள். காப்பர், மாங்கனீஸ் ஆக்சைடுகளின் கலவை. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் கார்பன் மோனாக்சைடிலிருந்து காக்கும் முகமூடிகளுக்காக அமெரிக்காவில் உருவானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர். அறை வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றும். அதன் ஆற்றல் படிகமாகாத, ஒழுங்கற்ற நிலையில்தான் இருக்கிறது. 500 டிகிரியைத் தாண்டிச் சுட்டு அழகான ஸ்பைனல் படிகமாக்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும்.

மெத்தனால் தயாரிக்கும் காப்பர், ஜிங்க், அலுமினா வினையூக்கியும் மென்மையான சூட்டையே விரும்புகிறது. துத்தநாகம் கலந்த மாலக்கைட்டை (காப்பரின் ஹைட்ராக்சி கார்பனேட்) 300, 350 டிகிரி வாக்கில் சுட்டு நிறுத்துகிறார்கள். கார்பனேட் கொஞ்சம் மிஞ்சினாலும் கவலைப்படுவதில்லை. முழுச் சுத்தமான ஆக்சைடு வேண்டும் என்று பிடிவாதமாக ஏற்றினால் காப்பர் துகள்கள் பெருத்துவிடும்.

உலையின் டிஸ்ப்ளே 500 காட்டினால் என் சாம்பிளும் 500-ல்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். டிஸ்ப்ளே காட்டுவது உலைச் சுவரருகே இருக்கும் தெர்மோகப்பிளின் (வெப்பநிலை உணரி) வெப்பநிலை. க்ரூசிபிளின் (பொடியை வைத்துச் சுடும் கிண்ணம்) நடுவில் என்ன என்பது வேறு.

இதற்கு ஒரு பிரமாதமான சான்று பெங்களூரிலிருந்து வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல் குழுவினர் 1988-ல் அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கரைத்து 500 டிகிரி உலையில் வைத்தார்கள். கரைசல் கொதித்து, நுரைத்து, தீப்பிடித்து, ஐந்து நிமிடத்தில் ஆல்ஃபா அலுமினா கிடைத்தது. நாம் மேலே பார்த்தபடி ஆல்ஃபாவுக்கு 1100-க்கு மேல் வேண்டும். உலை 500-ல்தான் இருந்தது. நைட்ரேட்டும் யூரியாவும் எரிந்த சுடர் 1600 டிகிரியைத் தொட்டது. அவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள், அதனால் ஒரு புதிய தயாரிப்பு முறையே பிறந்தது. சிட்ரிக் அமிலம் போட்டு சோல்-ஜெல் முறையில் (கரைசலை ஜெல்லாக்கிச் சுடுவது) செய்கிற பலருடைய க்ரூசிபிளில் இதன் சிறு வடிவம் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

எரிபொருளே இல்லாவிட்டாலும் சூடு எகிறலாம். நீரேறிய சிர்கோனியாவைச் சுடும்போது 400-லிருந்து 450 டிகிரி வாக்கில் அது திடீரென்று படிகமாகும். அப்போது வெளிப்படும் வெப்பத்தால் பொடி சில நொடிகள் ஒளிர்வதும் உண்டு. பெர்லினில் உள்ள ஃப்ரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தில் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே முன்பொருள், ஒரே உலை நிரல். ஆனால் க்ரூசிபிளில் போடும் அளவு கூடினால் வெப்பம் எகிறும் அளவும் மாறுகிறது, கிடைக்கும் வினையூக்கியின் தன்மையும் மாறுகிறது. ஒரு கிராம் செய்தபோது நன்றாக வந்த வினையூக்கி, இருபது கிராம் செய்தால் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

பொடியின் ஆழமும் கணக்கில் வரும். ஆழமான க்ரூசிபிளில் அடைத்து மூடினால் வெளியேறும் நீராவி உள்ளேயே தங்கி, பொடியைத் தன் ஆவியிலேயே வேக வைக்கும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் அது உடனே வெளியேறும். இரண்டுக்கும் உலை எண் ஒன்றுதான், பொருள் வேறு. முடிந்தால் ஒரு தெர்மோகப்பிளைப் பொடியின் நடுவிலேயே செருகி ஒருமுறை பதிவு செய்து பாருங்கள்.

ரேம்ப் (சூடு ஏற்றும் வேகம்) எவ்வளவு வைக்கலாம்?

நிமிடத்துக்கு 1 முதல் 5 டிகிரிக்குள். வாயு நிறைய வெளியேறும் முன்பொருள் என்றால் 1 அல்லது 2. டிஜிஏயில் பெரிய எடை இழப்பு தெரிந்த வெப்பநிலையில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு ஏற்றுவது இன்னும் நல்லது.

காற்றில் சுடுவதற்கும் நைட்ரஜனில் சுடுவதற்கும் என்ன வித்தியாசம்?

சில ஆக்சைடுகளுக்கு உயிர் போகும் வித்தியாசம். மாங்கனீஸ் டை ஆக்சைடு காற்றிலேயே 500, 600 டிகிரி பக்கம் ஆக்சிஜனை விட்டு மாங்கனீஸ் செஸ்குவி ஆக்சைடாகும், 900-ஐத் தாண்டினால் இன்னும் குறைந்த நிலைக்குப் போகும். கோபால்ட்டின் ஸ்பைனல் ஆக்சைடும் காற்றில் 900 வாக்கில் கோபால்ட் மோனாக்சைடாகிவிடும். நைட்ரஜன் ஓட்டத்தில் இந்த மாற்றங்கள் இன்னும் குறைந்த சூட்டிலேயே வரும். அலுமினா, மெக்னீசியா போன்றவற்றுக்கு அப்படி ஒரு பிரச்சினை இல்லை.

வாயுவின் பங்கைக் காட்டும் அழகான வேலை ஒன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் வந்தது. சிலிகா மேல் நிக்கல், கோபால்ட் நைட்ரேட்டைக் காற்றில் சுட்டால் பெரிய துகள்களாகத் திரண்டுவிடும். அதையே ஹீலியத்தில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு கலந்து சுட்டார்கள். சில நானோமீட்டர் அளவில் ஒரே சீரான துகள்கள் கிடைத்தன. வெப்பநிலையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. சூழ்ந்திருந்த வாயுதான் மாறியது.

ஹைட்ரஜனில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. டைட்டானியா மேல் பிளாட்டினம் வைத்து 200 டிகிரியில் ஒடுக்கினால் அது வழக்கம்போல ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்கும். 500-ல் ஒடுக்கினால் ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. எக்ஸான் ஆய்வகத்தில் டாஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1978-ல் இதைச் சொன்னார்கள். பாதி ஒடுங்கிய டைட்டானியம் ஆக்சைடு ஊர்ந்து வந்து உலோகத்தை மூடிக்கொள்கிறது என்பது பின்னால் தெளிவானது. துகள் பெருக்கவில்லை, மூடப்பட்டிருக்கிறது. ஆக்சிஜனில் சுட்டு, மிதமாக மறுபடி ஒடுக்கினால் திரும்பி வரும். சின்டரிங் ஆனதோ திரும்பாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு சோதனை போதும்.

சூடு எப்போதும் துகள்களைத் திரட்டத்தான் செய்யுமா?

இல்லை, பரப்பவும் செய்யும். மாலிப்டினம் ட்ரை ஆக்சைடுப் பொடியைக் காமா அலுமினாவோடு வெறுமனே கலந்து 400, 450 டிகிரியில் வைத்தால், அது அலுமினா மேல் ஓரடுக்காகப் பரவிவிடும். எக்ஸ்ஆர்டியில் அதன் சிகரங்கள் மறைந்துபோகும். தாங்கியோடு உள்ள பிணைப்பு தன்னோடு உள்ள பிணைப்பைவிட லாபமாக இருந்தால் இப்படி நடக்கிறது.

இதைவிட என்னை வியக்க வைத்தது பிளாட்டினமும் சீரியாவும். பிளாட்டினம் காற்றில் 800 டிகிரியில் ஆவியாகக்கூடிய ஆக்சைடாகி, பறந்துபோய்ப் பெரிய துகள்களில் சேரும். அலுமினா மேல் அப்படித்தான் கெட்டுப்போகிறது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் அபய் தாத்தியே குழுவினர் 2016-ல் காட்டியது, அருகில் சீரியா இருந்தால் அந்தப் பறக்கும் பிளாட்டினத்தைச் சீரியா மேற்பரப்பின் படிக்கட்டு போன்ற விளிம்புகள் தனித்தனி அணுவாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பதை. கெடுக்கும் சூடே அணுக்களைப் பரப்பும் வழியாகிவிட்டது. அந்த அணுக்கள் குறைந்த வெப்பநிலையில் மந்தமாக இருந்தன. 750 டிகிரி நீராவியில் வைத்ததும் கார்பன் மோனாக்சைடை நன்றாக ஆக்சிஜனேற்றத் தொடங்கின என்று அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு வந்தது.

அமில, கார இடங்களைச் சூடு எப்படி மாற்றுகிறது?

காற்றில் இருக்கும் எந்த ஆக்சைடின் மேலும் ஹைட்ராக்சில் குழுக்களும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் போர்த்தியிருக்கும். அலுமினாவைச் சுடச் சுட, பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்கள் சேர்ந்து தண்ணீராகப் போகும். பிணைப்புக் குறைந்த அலுமினியம் வெளிப்படும். அதுதான் லூயிஸ் அமில இடம் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் இடம்). மெக்னீசியாவில் வலுவான கார இடங்கள் வெளிப்படுவதும் போர்வை நீங்கிய பிறகுதான்.

சல்ஃபேட்டேற்றிய சிர்கோனியாவில் கயிற்றின் மேல் நடக்க வேண்டியிருக்கிறது. ஹினோவும் அராட்டாவும் 1979-ல் அறிவித்த இந்தத் திண்ம அமிலத்தை 550 முதல் 650 டிகிரிக்குள் சுட்டால்தான் வீரியம் வரும். 700-க்கு மேல் சல்ஃபேட் வெளியேறிவிடும். முன்பே சுட்டுப் படிகமாக்கிய சிர்கோனியாவில் கந்தக அமிலம் ஏற்றினால் பெரும்பாலும் பலன் இருக்காது; படிகமாவதும் சல்ஃபேட் பிணைவதும் ஒரே சூட்டில் நடக்க வேண்டும்.

கல்லூரி ப்ராஜெக்டுகளில் அடிக்கடி வரும் முட்டை ஓட்டுக் கால்சியம் ஆக்சைடும் இங்கேதான் சேரும். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பயோடீசல் வினைக்கு அதை 800, 900 டிகிரியில் சுட வேண்டும். 600-ல் சுட்ட ஓடு வெறும் கார்பனேட்தான். சுட்ட பிறகு திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வாங்கிக் கெடத் தொடங்கும். நன்றாகச் சுட்டும் வினை நடக்கவில்லை என்பவர்கள், சுட்டதற்கும் பயன்படுத்தியதற்கும் நடுவே பொடி எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 700 டிகிரிக்கு மேல் மறுபடி சுட்டால் சரியாகும்.

சுட்ட பிறகு என்னென்ன சோதனைகள் எடுக்க வேண்டும்?

எக்ஸ்ஆர்டி, பிஇடி இரண்டும் கட்டாயம். எக்ஸ்ஆர்டியில் 2, 3 நானோமீட்டருக்குக் கீழான படிகங்கள் சரியாகத் தெரியாது. சிகரம் இல்லை என்பதால் பொருள் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அங்கே ராமன் நிறமாலை கைகொடுக்கும். அனட்டேஸின் 144 அலை எண் சிகரம் மிகக் கொஞ்சம் இருந்தாலும் தெரியும். ஒடுக்கத்துக்கு ஹைட்ரஜன் டிபிஆர் (சூடேற்றிக்கொண்டே ஹைட்ரஜனில் ஒடுக்கிப் பார்ப்பது), அமிலத்துக்கு அம்மோனியா டிபிடி (படிந்த அம்மோனியா எந்தச் சூட்டில் விலகுகிறது என்று பார்ப்பது).

பிஇடிக்கு முன் வாயு நீக்கும் வெப்பநிலையைக் கவனியுங்கள். 250-ல் சுட்ட சாம்பிளை 300-ல் வாயு நீக்கினால், நீங்கள் அளப்பது நீங்கள் செய்த சாம்பிளை அல்ல.

கெட்டுப்போன வினையூக்கியை மறுபடி சுட்டால் சரியாகிவிடுமா?

எதனால் கெட்டது என்பதைப் பொறுத்தது. கரி படிந்திருந்தால் சரியாகும். 450, 550 டிகிரியில், ஆக்சிஜன் குறைவான வாயுவில் மெதுவாக எரிக்க வேண்டும். முழுக் காற்றை ஒரேயடியாக விட்டால் கரி கொழுந்துவிட்டு எரிந்து, உள்ளே சில இடங்களில் சூடு பலநூறு டிகிரி எகிறிச் சின்டரிங் ஆகிவிடும். ஈரத்தால் மந்தமான ஹாப்கலைட்டையும் மிதமாகச் சூடாக்கி மீட்கலாம். சின்டரிங்கோ படிக மாற்றமோ காரணம் என்றால் சுடுவது பாதிப்பைக் கூட்டும்.

கட்டுரையில் வெப்பப் பதப்படுத்தலை எப்படி எழுதுவது?

"500 டிகிரியில் 4 மணி நேரம் சுடப்பட்டது" என்ற ஒரு வரியை வைத்து உங்கள் வேலையை வேறு யாராலும் திரும்பச் செய்ய முடியாது. முன்பொருளின் எடை, பாத்திரத்தின் வடிவம், பொடியின் ஆழம், மூடியா திறந்தா, ரேம்ப், வாயு எது, ஓட்டம் எவ்வளவு, எப்படிக் குளிர வைத்தீர்கள், இத்தனையும் எழுதுங்கள். மூன்று வரி கூடும், அவ்வளவுதான். பொது நிதியில் நடக்கும் ஆராய்ச்சியில் இன்னொரு ஆய்வகம் மாதக்கணக்கில் தடுமாறாமல் இருக்க அந்த மூன்று வரி கடமை என்றே நினைக்கிறேன்.

மஃபிள் ஃபர்னஸில் போடும்போது பாதுகாப்பு பற்றி ஏதாவது?

நைட்ரேட் சுட்டால் செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அது நுரையீரலைப் புண்ணாக்கும், பாதிப்பு சில மணி நேரம் கழித்தே தெரியவும் கூடும். உலைக்கு மேலே புகைபோக்கி இல்லாத அறையில் நைட்ரேட் சுடாதீர்கள். நைட்ரேட்டும் சிட்ரேட்டோ யூரியாவோ சேர்ந்த ஜெல்லைச் சிறு அளவில், க்ரூசிபிளின் கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். உலை சூடாக இருக்கும்போது ஈரமான சாம்பிளை உள்ளே தள்ள வேண்டாம். வெளியே எடுப்பது 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு. எடுத்ததும் டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத பாத்திரம்) வைத்துவிடுங்கள், தேதியும் வெப்பநிலையும் எழுதிய லேபிளோடு.